இரவல் வெறுப்பு

இரண்டு மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் வழக்கம்போலப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். அன்று ஜாஸ் பற்றிப் பேச்சு. பேசியவர் விஷயம் தெரிந்தவர்தான். கோல்ட்ரேனின் கடைசி இரண்டு வருஷங்களைப் பற்றியும் ஆல்பர்ட் அய்லரைப் பற்றியும் ஒன்றரை மணி நேரம் பேசினார். முடிவில், கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். கவிதை எழுதுகிறவர், கூட்டத்துக்குப் புதியவர். தனக்கு க்ரோவர் வாஷிங்டனின் 'வைன்லைட்' பிடிக்கும், அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார். பேச்சாளர் கையை ஒரு வீசு வீசினார். "அது லிஃப்ட்டுல போடற சங்கீதம் ஸார். அதைப் போய்..." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இளைஞர் அப்புறம் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவுமில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிராக எழுதப்படுவது. அதில் என் பங்கும் உண்டு என்பதால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வசவு எனக்குப் புதிதில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு லாட்ஜ் அறையில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். கப்பலில் வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தபோது இதே 'வைன்லைட்' காஸெட்டைப் போட்டான். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "லிஃப்ட் சங்கீதம்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் டேப்பை நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போகலாமா என்றான். அன்றைய தேதிவரை நான் சங்கீதம் ஒலிக்கும் லிஃப்ட் எதிலும் ஏறியதில்லை. நான் ஏறிய லிஃப்டில் ஒரு ஸ்டூலும், ஸ்டூலில் ஒரு ஆளும், கறகறவென்று இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவும்தான் இருந்தன. வசவை ஓர் அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து எடுத்திருந்தேன். அதை எழுதிய அமெரிக்கனுக்கு அந்தக் கசப்பு அவன் வாழ்க்கையிலிருந்து வந்தது. பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பறையிலும் பெரிய கடைகளிலும் தானாகவே வந்து காதில் விழும் ஓசையால் அவன் பட்ட அவதி அது. அவதிப்பட அவனுக்கு உரிமை உண்டு. நான் அவதியே படாமல் அதன் முடிவை மட்டும் வாங்கிக்கொண்டேன். கடனாக வாங்கிய ரசனையைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. கடனாக வாங்கிய வெறுப்பைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ரசனையைக் கடன் வாங்குகிறவனாவது என்றைக்காவது ஒருநாள் கேட்டுப் பார்ப்பான். வெறுப்பைக் கடன் வாங்குகிறவனுக்கு அந்த அவசியமும் கிடையாது.

சிநேகிதன் அறையைக் காலி செய்தபோது விட்டுப்போன சாமான்களில் அந்தக் காஸெட்டும் இருந்தது. அவன் இப்போது இல்லை. மொட்டைமாடியிலிருந்து திரும்பிய இரவு டிரங்குப் பெட்டியிலிருந்து அதைத் தேடி எடுத்தேன். பழைய டேப் ரிகார்டருக்கு பெல்ட் மாற்றி, ஐந்து இரவுகள், முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். இனி எழுதுவது அதற்குப் பிறகு.

'வைன்லைட்' 1980 கோடையில் நியூயார்க்கில் ஒலிப்பதிவாகி, அந்த வருஷக் கடைசியில் எலெக்ட்ரா கம்பெனி வெளியிட்டது. ஆறு உருப்படிகள், மொத்தம் ஏறக்குறைய 39 நிமிஷம். ஐந்தாவது உருப்படியில் பில் விதர்ஸ் பாடுகிறார். 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' என்ற அந்தப் பாட்டு 1981இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது. இசைத்தட்டு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1982இல் தட்டுக்கு ஒன்றும் பாட்டுக்கு ஒன்றுமாக இரண்டு கிராமி பரிசுகள். நம்மவர்களின் குற்றப்பத்திரிகை இங்கேயே எழுதி முடிந்துவிடுகிறது. விற்றது, பரிசு வாங்கியது, கேட்க இனிமையாக இருக்கிறது. இதற்குமேல் சாட்சி எதற்கு?

நாம் முந்நூறு பிரதி அச்சடிக்கிறோம். அதில் நூறு, ஆசிரியரின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விற்காததை நம் தரத்துக்கு அத்தாட்சியாகக் காட்டப் பழகியபின், விற்றதெல்லாம் தரங்கெட்டது என்ற மறுபாதியும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. வெகுஜனப் பத்திரிகைக்காரன் கூட்டத்தைக் காட்டி 'இது நல்லது' என்கிறான். நாம் அதே கூட்டத்தைக் காட்டி 'இது கெட்டது' என்கிறோம். இருவருமே படைப்பைப் பார்க்கவில்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, படைப்புக்கு வருகிறேன். முதல் உருப்படி, தட்டின் பெயரையே கொண்டது, ஏழரை நிமிஷம். டிரம் ஸ்டீவ் காட். பேஸ் மார்கஸ் மில்லர், அப்போது அவருக்கு வயது 21. கிதார் எரிக் கேல். காட், கேல் இருவரும் எழுபதுகளில் 'ஸ்டஃப்' என்ற குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள், யார் எப்போது வாயை மூடிக்கொள்வார் என்பது ஒருவருக்கொருவர் தெரியும். தாளம் அவசரப்படுவதேயில்லை. அடி விழவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிற மாதிரி ஒரு நிதானம். கிதார் அரை வாக்கியம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தன்னால் வாசிக்க முடிந்ததில் பெரும்பகுதியை வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த விட்ட இடத்தில்தான் ஸாக்ஸஃபோன் நடமாடுகிறது.

வாஷிங்டன் நுழைகிறபோது எதையும் அறிவிப்பதில்லை. ஒரு சிறிய சொற்றொடரைச் சொல்கிறார், நிறுத்துகிறார். அதையே மறுபடி சொல்லும்போது கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் வளைத்துவிடுகிறார். மூன்றாம் தடவை அந்த வளைவிலிருந்தே அடுத்த சொற்றொடர் முளைக்கிறது. இப்படியே ஏறி, மேல்ஸ்தாயியில் தொண்டை கரகரத்து ஒரு கூவல் வருகிறபோதுதான், இத்தனை நேரமும் இவர் எதையோ அடக்கிவைத்திருந்தார் என்பது கேட்பவனுக்குப் புரிகிறது. அடக்கம் அடக்கமாக உணரப்படுவது அதற்குக் கீழே சக்தி இருக்கும்போதுதான். பின்னால் இவரைப் போலச்செய்தவர்களிடம் இருப்பது வெறும் வழவழப்பு. அங்கே அடக்க ஒன்றுமில்லை. இரண்டும் ஒன்று என்பவர் இரண்டில் ஒன்றைக் கேட்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது உருப்படி 'லெட் இட் ஃப்ளோ', 'டாக்டர் ஜே' என்று அழைக்கப்பட்ட கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்குக்குச் சமர்ப்பணம். வாஷிங்டன் பிறந்தது பஃபலோ நகரம், 1943இல். ஆனால் ராணுவத்திலிருந்து வெளிவந்தபின் ஊன்றிக்கொண்டது ஃபிலடெல்ஃபியாவில். எர்விங் ஆடியது அந்த ஊர் அணிக்கு. 1980 மே மாதம் இறுதிப்போட்டித் தொடரில் அந்த அணி லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது. தோற்ற தொடரில்தான் எர்விங்கின் புகழ்பெற்ற அந்தத் தாவல். கூடையின் ஒரு பக்கத்தில் எழும்பி, பலகைக்குப் பின்னால் காற்றிலேயே உடலைத் திருப்பி, மறுபக்கம் வெளிவந்து, கீழிருந்து பந்தைப் போட்டார். அடுத்த சில வாரங்களில் இந்த ஒலிப்பதிவு. பார்க்கிறவனுக்கு அந்தத் தாவலில் பிரயாசையே தெரியாது. பிரயாசை இல்லாததால் அல்ல, அதை உடம்பு விழுங்கிவிட்டதால். எர்விங்கிடம் அதை மேதைமை என்று ஒப்புக்கொள்கிற நாம், அவருக்காக வாசித்தவரிடம் அதையே ஆழமின்மை என்கிறோம். முக்கல் முனகல் கேட்டால்தான் நமக்கு ஆழம்.

நம் விமர்சன பாஷையில் சமீப காலமாக 'இனிமை' ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. தீவிரம் என்றால் கரடுமுரடு, கரடுமுரடு என்றால் நேர்மை என்று ஒரு சமன்பாடு. இதற்கு ஜாஸைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் ஜாஸைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். டியூக் எலிங்டன் குழுவில் பல பத்தாண்டுகள் ஆல்ட்டோ வாசித்த ஜானி ஹாட்ஜஸின் நாதத்தைவிட இனிமையான ஒன்று அந்த வாத்தியத்தில் வந்ததில்லை. ஹாட்ஜஸின் குரலோடு பிரிக்கமுடியாமல் சேர்ந்துபோன பில்லி ஸ்ட்ரேஹார்னின் 'பாஷன் ஃப்ளவர்' என்ற உருப்படியைத்தான் வாஷிங்டன் தன் 1975ஆம் வருஷத்து 'மிஸ்டர் மாஜிக்' தட்டில் எடுத்து வாசித்தார். இந்த மனிதர் எங்கிருந்து வருகிறார் என்பதற்கு அது ஒன்று போதும். சார்லி பார்க்கர் 1949 கடைசியில் வயலின்களை வைத்துக்கொண்டு காதல் பாட்டுகளைப் பதிவு செய்தார். விலைபோய்விட்டார் என்று அன்றும் சொன்னார்கள். மொட்டைமாடியில் சம்மட்டியாகச் சுழற்றப்பட்ட கோல்ட்ரேனே 1961, 62இல் 'பாலட்ஸ்' தட்டையும், 1963இல் ஜானி ஹார்ட்மன் என்ற பாடகரோடு இன்னொன்றையும் பதிவு செய்தவர். அவற்றில் அவர் உருப்படிகளைக் கிட்டத்தட்ட எழுதியபடியே, கண்ணியமாக, மெதுவாக வாசித்துவிட்டுப் போகிறார். அந்தக் கோல்ட்ரேனை நாம் பேசுவதில்லை. அவர் நம் கட்சிக்கு உதவமாட்டார்.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதம். இதைச் சொன்னவர் மொட்டைமாடிப் பேச்சாளர் அல்ல, கூட்டம் கலைந்தபின் பஸ் நிறுத்தத்தில் இன்னொரு நண்பர். அவரை நான் மதிக்கிறேன். அவர் சொன்னது: 1971இல் இதே வாஷிங்டன் 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' என்று ஒரு தட்டுப் போட்டார். கறுப்பின மக்கள் வாழும் நகரப் பகுதிகளின் வறுமையைப் பற்றி மார்வின் கே அதே வருஷம் பாடிய பாட்டின் பெயர் அது. நகரத்தின் துக்கத்தில் தொடங்கியவர் ஒன்பதே வருஷத்தில் மதுக்கிண்ணத்தின் ஒளிக்கு வந்து சேர்ந்தார். ரீகன் ஜெயித்த அதே 1980இல். இது வீழ்ச்சி இல்லாமல் என்ன?

கேட்கத் திடமான வாதம். ஆனால் 1971ஐ அவர் சரியாகப் பார்க்கவில்லை. அந்தத் தட்டு வாஷிங்டனுக்காகத் திட்டமிடப்பட்டதே அல்ல. ரே சார்ல்ஸ் குழுவிலிருந்து வந்த ஹாங்க் க்ராஃபோர்ட் வாசிக்கவேண்டியது. அவரால் வரமுடியாமல் போக, டெனர் வாசித்துவந்த வாஷிங்டனைக் கூப்பிட்டு ஆல்ட்டோ வாசிக்கச் சொன்னார் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர். அதற்குமுன் வாஷிங்டன் யாரோடு வாசித்தார்? சார்ல்ஸ் எர்லண்ட், ஜானி ஹாமண்ட் மாதிரியான ஆர்கன் வாத்தியக்காரர்களோடு. ஆர்கனும் ஸாக்ஸஃபோனும் டிரம்மும் சேர்ந்த அந்தச் சங்கீதம் கறுப்பர் குடியிருப்புகளின் சிறிய மதுக்கூடங்களில், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்காக வாசிக்கப்பட்டது. அவர்கள் சங்கீதத்தின் நடுவே பேசுவார்கள், காலால் தட்டுவார்கள், பிடித்த இடத்தில் சத்தம் போடுவார்கள். அந்த ஜனங்களுக்கு வாசித்துப் பழகிய மூச்சு இது. தொடக்கத்திலிருந்தே இது ஜனங்களோடு பேசுகிற சங்கீதம். பேசும் தொனி சாயங்காலத்துக்கு ஏற்ப மாறியது, அவ்வளவுதான். அந்த 1971 தட்டிலேயே விதர்ஸின் 'எய்ண்ட் நோ ஸன்ஷைன்' இருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து அதை எழுதியவரே வந்து பாடுகிறார். இதில் வீழ்ச்சியைவிடத் தொடர்ச்சிதான் எனக்குத் தெரிகிறது.

விதர்ஸ் யார்? மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய். ஒன்பது வருஷம் கடற்படை. பிறகு விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. 1971இல் வெளிவந்த முதல் தட்டின் அட்டையில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' பாட்டை ரால்ஃப் மக்டொனால்டும் வில்லியம் ஸால்ட்டரும் கொண்டுபோனபோது, வார்த்தைகளைத் தன் கையால் திருத்திக்கொள்ள அனுமதித்தால்தான் பாடுவேன் என்றவர். இந்த மனிதர் இரண்டு பேரின் அந்நியோன்னியத்தைப் பாடினால் அதில் சுரங்கமும் தொழிற்சாலையும் இல்லையென்று எப்படிச் சொல்லமுடியும்?

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் எஃகு வாத்தியம் ஒலிக்கிறது. வாசிப்பவர் டிரினிடாட்காரர் ராபர்ட் கிரீனிட்ஜ். இருப்பதிலேயே 'லேசான', கடற்கரை உல்லாசம் போன்ற இடம் அதுதான் என்று தோன்றும். அந்த வாத்தியத்தின் கதை என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அரசு டிரினிடாடில் ஆப்பிரிக்க மக்களின் பறைகளைத் தடை செய்தது. அவர்கள் மூங்கிலைத் தரையில் தட்டினார்கள். பிறகு தகர டப்பாக்கள். 1930களுக்குப் பின் எண்ணெய்ப் பீப்பாய்களின் அடித்தகட்டைக் குழித்து ஸ்வரம் உண்டாக்கினார்கள். இந்தத் தட்டின் தயாரிப்பாளர்களில் ஒருவரான மக்டொனால்ட், ஹார்லத்தில் வாழ்ந்த ஒரு டிரினிடாட் கலிப்ஸோ பாடகரின் மகன். அவருக்கு அந்த ஓசை வீட்டுச் சொத்து. பறை பறிக்கப்பட்டவர்கள் பீப்பாயிலிருந்து எடுத்த இனிமையை, மெட்ராஸ் மாடியில் உட்கார்ந்துகொண்டு லேசானது என்று தள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கறுப்பின மக்களின் சங்கீதம் கோபமாக மட்டுமே இருக்கவேண்டும் என்று விதிப்பது யார்? அவர்களுடைய கோபத்தை நாம் தூரத்திலிருந்து ரசிக்கிறோம். அது நம் கவிதைகளுக்குப் பயன்படுகிறது. அவர்களுடைய களைப்பும், இளைப்பாறலும், விளக்கைத் தணித்துவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ராத்திரியும் நமக்குப் பயன்படுவதில்லை. எனவே அதைத் துரோகம் என்கிறோம். பஸ் நிறுத்த நண்பர் இதை யோசிக்கவேண்டும்.

தட்டில் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. மூன்றாவது உருப்படியில் சங்கீதம் தன் சுகத்திலேயே கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசி உருப்படியான 'ஸாட் ஸாம்பா' ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் ஒலித்தால் யாரும் தலை நிமிரமாட்டார்கள். அடுத்த வருஷம் வந்த 'கம் மார்னிங்', வெற்றிபெற்ற சமையலை அதே அளவில் மறுபடி கிண்டியது. அதில் பசி இல்லை. வியாபாரம் இந்தச் சங்கீதத்தைத் தின்றது என்பதும் உண்மை. 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' இசைத்தட்டில் ஏழு நிமிஷத்துக்கும் மேல். வானொலிக்காக வெட்டியபோது நாலு நிமிஷம். வெட்டுப்பட்டது பெரும்பாலும் வாத்தியம். பெரும்பாலானோர் கேட்ட வாஷிங்டன், பாதிக்குமேல் வாஷிங்டன் நீக்கப்பட்ட வாஷிங்டன்.

1987 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிலையம் ஒன்று ராக் இசையைக் கைவிட்டு, 'தி வேவ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்த மாதிரி ஓசையை நாள் முழுக்க ஓடவிட்டது. மற்ற நகரங்களும் தொடர்ந்தன. 'ஸ்மூத் ஜாஸ்' என்ற பெயர் நிலைத்தது அந்த நிலையங்களால்தான். கேட்பவன் நிலையத்தை மாற்றிவிடக்கூடாது என்பதே அங்கே அழகியல். கூவல் கூடாது, கரகரப்பு கூடாது, மௌனமும் கூடாது. அதாவது 'வைன்லைட்'டில் உயிருள்ள எல்லாமே கூடாது. நாம் எந்தக் குப்பைத்தொட்டியில் இந்தத் தட்டைப் போடுகிறோமோ, அந்தத் தொட்டி செய்யப்பட்டது தட்டு வெளிவந்து ஆறு வருஷத்துக்கு மேல் கழித்து. பேரன் திருடினான் என்று பாட்டனுக்குத் தண்டனை. நியூயார்க் நிலையம் 2008இலும் சிகாகோ நிலையம் 2009இலும் அந்தக் கடையை மூடிவிட்டன. 1999 டிசம்பரில் 56ஆம் வயதில் வாஷிங்டன் இறந்துபோனார். தட்டு இருக்கிறது.

இன்னொன்று. இதில் பேஸ் வாசித்த அந்த 21 வயதுப் பையனை, அடுத்த வருஷமே மைல்ஸ் டேவிஸ் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். நம் கூட்டத்தில் மைல்ஸ் பெயரைச் சொன்னால் குரல் தாழும். மைல்ஸ் லிஃப்ட்டில் ஆள் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஓர் அமெரிக்க இசைத்தட்டுக்காகவா இத்தனை பக்கம் என்று கேட்கலாம். தட்டுக்கு என் வக்காலத்து தேவையில்லை. எனக்குக் கவலை நம் மாடியைப் பற்றி. ஒரு புதியவர் தனக்குப் பிடித்ததைச் சொன்னார். பத்துப் பேரில் ஒருவராவது, ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால், அவருடைய கவிதையைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரியவந்திருக்கும். நாம் சிரித்தோம். இனி அவர் தனக்குப் பிடித்ததைச் சொல்லமாட்டார். நமக்குப் பிடித்ததைத் தனக்குப் பிடித்ததாகச் சொல்லக் கற்றுக்கொள்வார். சிறு பத்திரிகை தோன்றியதே அந்தப் பொய்யை எதிர்த்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல்காரச் சிநேகிதனிடம் நான் அன்று நிறுத்தவைத்தது ஒரு டேப்பை மட்டுமல்ல என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் சங்கீதம் பேசியதேயில்லை.

அடுத்த கூட்டத்துக்கு டேப் ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். அந்த இளைஞரையும் தேடிப்பிடித்து அழைத்துவர உத்தேசம். முதல் உருப்படியை மட்டும் போடுவேன். ஏழரை என்றதும் சனியனை நினைத்துப் பயப்படவேண்டாம், நிமிஷக் கணக்குதான். அதுவரை யாரும் பேசக்கூடாது. கேட்டு முடித்தபின்னும் சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பாவது சொந்தமாக இருக்கும்.